இரண்டு மாடிகளுக்கு நடுவே

எங்கள் அடுக்ககத்தில் பத்து வீடுகளுக்குமேல் வேலை செய்யும் பெண்கள் வந்து போகிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா. ஒன்பதாவது மாடியில் மூன்று வீடுகள் அவர் பொறுப்பு. காலை ஏழரைக்கு வந்து ஒரு மணிக்குக் கிளம்புவார். பல வருடங்களாக அவர் சைதாப்பேட்டையில், அடையாற்றின் கரையோரம் குடியிருந்தார். கால்மணி நேர நடை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அவருடைய தெருவையே காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இப்போது அவர் வீடு அங்கே எட்டு அடுக்குக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் இருக்கிறது.

ஒருநாள் எங்கள் லிஃப்ட் பழுது. மூச்சுவாங்க வந்து தரையில் உட்கார்ந்தவர் சொன்னார்: "அங்க ஓடலன்னா ஆறு மாடி. இங்க ஓடலன்னா ஒம்போது மாடி. எனக்கு மட்டும் பதினஞ்சு மாடிக் கட்டடம்மா."

சென்னையின் உயரமான கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டடக் கலைஞர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், முதலாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், திறந்துவைத்த அமைச்சர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அக்காவின் பதினைந்து மாடிக் கட்டடம் அந்த வரலாறுகளில் இல்லை. அவர் ஏறும் படிகளின் வழியாக இந்த நகரம் உயர்ந்த கதையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பதினாலு மாடி

மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. 177 அடி உயரம். அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடங்களில் முதலில் வைத்துப் பேசப்பட்டது. அதைக் கட்டத் தொடங்கியது ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். அதன் தலைவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் துறை நாட்டுடைமை ஆனதும் கட்டடம் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் ஊர் திரும்பியதும் கடற்கரையோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டது "பதினாலு மாடி"யைத்தான். பல தமிழ்ப் படங்களில் பட்டணம் வந்து சேர்ந்ததைக் காட்ட அந்தக் கட்டடத்தைக் கீழிருந்து மேலாக ஒருமுறை காட்டினால் போதும் என்றிருந்தது.

இதையெல்லாம் நாம் அறிந்திருக்கிறோம். வரைந்தவர்கள் யார், முடித்தவர் யார், திறந்தவர் யார் என்பதெல்லாம் பெயரோடு கிடைக்கிறது. கலவை சுமந்தவர்களின் பெயர் எதுவும் அந்தக் கதையோடு சேர்ந்து வரவில்லை. சென்னைக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றாலும், பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு மறதியும் சேர்ந்துகொள்கிறது. அவர்களுடைய வேலைக்கு வைக்கப்பட்ட பெயரிலேயே அது இருக்கிறது.

சித்தாள்

கட்டட வேலையில் கொத்தனார் உண்டு, மேஸ்திரி உண்டு, பெரியாள் உண்டு, சித்தாள் உண்டு. பெரியாள் ஆண். சித்தாள் பெண். சிறிய ஆள் என்பதுதான் அந்தச் சொல். வயதிலோ உடம்பிலோ சிறியவர் என்று அர்த்தமில்லை, கூலியில் சிறியவர் என்று அர்த்தம். பையனாக வேலைக்கு வருகிறவன் பெரியாளாகி, கரணை பிடிக்கக் கற்று, கொத்தனாராகி, சாமர்த்தியம் இருந்தால் மேஸ்திரியும் ஆகிறான். பதினாறு வயதில் சித்தாளாக வருகிற பெண் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். முப்பது வருடம் கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று கலவையின் பதம் பார்த்துக் கொடுத்தவருக்குச் சுவர் எழுப்பத் தெரியாது என்று சொல்வதை நம்புவது கடினம். தெரியாததால் அல்ல, கரணையைக் கையில் கொடுக்காததால்தான் அவர் சித்தாளாகவே இருக்கிறார். ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976-இல் சட்டம் வந்தது. வேலைக்கே வேறு பெயர் வைத்துவிட்டால் அந்தச் சட்டம் உள்ளே நுழைய வழியில்லை.

சவுக்குக் கட்டையால் சாரம் கட்டி, அதன்மேல் பலகை போட்டு, தலையில் சும்மாட்டோடு இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக ஏறுவதை நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவரும் பார்த்திருப்பார்கள். தளம் போடும் நாளில் வேலை பாதியில் நிற்கக் கூடாது. காங்கிரீட் இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் விடிகாலையில் தொடங்கி இருட்டும்வரை கைமாற்றிக் கைமாற்றிச் சட்டிகள் மேலே போகும். கைக்குழந்தை கீழே மரத்திலோ கம்பியிலோ கட்டிய தூளியில் கிடக்கும். பால் கொடுக்க இறங்கிவர மேஸ்திரியிடம் கேட்க வேண்டும்.

இந்தப் பெண்கள் கேட்காமலும் போராடாமலும் இருந்தவர்கள் அல்ல. 1970களின் இறுதியில் தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதில் பெண்கள் பெருமளவில் இருந்தார்கள். ஆர். கீதா போன்றவர்கள் அந்தச் சங்கத்திலும் பெண்ணுரிமை இயக்கத்திலும் ஒருசேர வேலை செய்தார்கள். கூலி, விபத்து இழப்பீடு, குடிசையைக் காப்பாற்றுவது ஆகிய மூன்றும் ஒரே பெண்ணின் பிரச்சினைகள் என்பதால் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் வந்ததில் அந்தப் போராட்டங்களுக்குப் பங்குண்டு. தேசிய அளவில் நடந்த நீண்ட பிரச்சாரத்துக்குப் பிறகு 1996-இல் மத்திய சட்டமும் வந்தது. ஐம்பது பெண்களுக்குமேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது.

சட்டம் வந்த அதே காலத்தில் கட்டடங்கள் மாறத் தொடங்கின. கலவை இனி இடத்திலேயே கலக்கப்படவில்லை. சுழலும் உருளையோடு லாரியில் வந்தது. குழாய் வழியாகப் பம்ப் அதைப் பத்தாவது மாடிக்கும் தள்ளியது. செங்கல்லை மின்தூக்கி ஏற்றியது, கம்பியைக் கிரேன் தூக்கியது. தலைச்சுமை ஒழிந்தது நல்லதுதான். கழுத்தும் முதுகும் தேய்ந்த பெண்கள் யாரும் அந்தச் சட்டிக்காக ஏங்கப் போவதில்லை. ஆனால் பம்பை இயக்கவோ கிரேனை ஓட்டவோ பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எந்திரம் வந்ததும் சித்தாளின் வேலை போயிற்று, வேறு வேலை வரவில்லை. இன்று பெரிய கட்டுமான இடங்களில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்கண்டிலிருந்து வந்த ஆண்கள் தகரக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்கிறார்கள். அங்கே பெண்கள் அதிகம் இல்லை. ஐம்பது பெண்கள் இல்லாத இடத்தில் அந்தச் சட்டப்படி குழந்தைகள் அறையும் தேவைப்படவில்லை. சென்னையில் கட்டடம் உயர உயர அதைக் கட்டுவதில் பெண்களின் பங்கு குறைந்தது. கட்டி முடித்த பிறகு அவர்கள் உள்ளே வந்தார்கள், துடைப்பத்தோடு.

மூன்று மாடிக் காலம்

கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? பெரும்பாலும் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் ஓரங்களில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், கடற்கரை மணலில். 1971-இல் எடுத்த கணக்கில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் கருணாநிதி அரசு குடிசை மாற்று வாரியத்தைத் தொடங்கியிருந்தது. ஏழு ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இல்லாமல் செய்துவிடுவது திட்டம்.

அது நிறைவேறவில்லை. ஆனாலும் அந்த வாரியத்தின் முதல் ஆண்டுகளில் ஒரு விஷயம் சரியாக இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகில், மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். கடற்கரைச் சாலையிலும் மந்தைவெளியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் அவற்றை இன்றும் பார்க்கலாம். வீடுகள் சிறியவை. கட்டுமானம் பல இடங்களில் மோசம். படிக்கட்டில் விளக்கு இருக்காது, குடிநீருக்குக் கீழே இறங்க வேண்டும், குடம் சுமந்து மேலே ஏறுவது பெண்கள் வேலை. குறை சொல்ல நிறைய உண்டு. இருந்தாலும் மீன் விற்றவர் தன் சந்தையை இழக்கவில்லை. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் அந்த நான்கு வீட்டையும் இழக்கவில்லை. வேலைக்கு நடுவே வீட்டுக்கு ஓடிவந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்ப முடிந்தது.

ஏழைப் பெண்ணின் வேலையைப் பேசும்போது இந்தக் குறுகிய தூரத்தை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. வீட்டுவேலை செய்கிற பெண்ணுக்கு முழுநாள் வேலை கிடையாது. காலையில் இரண்டு மணி நேரம் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. இடைவெளியில் அவர் தன் வீட்டில் தண்ணீர் பிடிக்கிறார், ரேஷன் வாங்குகிறார், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கிறார். வீடும் வேலையும் பக்கத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தூரம் கூடினால் கூடுவது பேருந்துக் கட்டணம் மட்டுமல்ல, அவருடைய நாளே உடைந்துபோகிறது.

2000

2000-ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பதின்மூன்று மாடி. பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்பச் சாலையாக மாறியது அங்கிருந்துதான். அதே சாலையில், அதே காலத்தில், துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் எழுந்தது. நகரின் பல மூலைகளிலிருந்து காலி செய்யப்பட்ட குடும்பங்களுக்கான இடம் அது. முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. போகப்போக 15,000 வீடுகளுக்குமேல் ஆயிற்று. வாரியத்தின் பழைய முறை, இருந்த இடத்திலேயே கட்டுவது, இங்கே கைவிடப்பட்டது. நகருக்குள் நிலத்தின் விலை ஏறிவிட்டிருந்தது.

நகரை எரித்த பெண்ணின் பெயரை, நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்தார்கள். மெரினாவில் இருந்த கண்ணகி சிலை 2001-இல் அகற்றப்பட்டது. பெரிய அரசியல் சர்ச்சை ஆனது. 2006-இல் சிலை திரும்பி வந்தது. கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

இரண்டும் ஒரே சாலையில் இருந்தது தற்செயலாகவும் இருக்கலாம். விளைவு தற்செயலானதல்ல. கண்ணாடிக் கட்டடங்களில் கழிப்பறை கழுவவும் தரை துடைக்கவும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பழைய வேலையை இழந்த பெண்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அப்படித்தான் 'ஹவுஸ்கீப்பிங்' என்ற சொல் கண்ணகி நகருக்குள் வந்தது. சீருடை, அடையாள அட்டை, வைப்புநிதி என்று சிலருக்கு முந்தைய வேலையைவிட மேலான சில விஷயங்கள் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்தின் மிக நவீனமான கட்டடங்களில் பெண்கள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வேலைக்கு வந்தார்கள். ஒருவர் கணினி முன்னால், இன்னொருவர் கழிப்பறையில். இருவரும் ஒரே கட்டடத்துக்குள் வந்தது ஒரே கதவு வழியாக அல்ல.

எட்டு மாடி

பெரும்பாக்கம் கண்ணகி நகரிலிருந்து வேறுபட்டது. இங்கேதான் சென்னையின் ஏழைகளுக்கு முதன்முறையாகப் பேரளவில் லிஃப்ட் வைத்த உயரமான கட்டடங்கள் வந்தன. தரைத்தளமும் அதன்மேல் ஏழு மாடிகளும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றும் 400 சதுர அடிக்குள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்து மக்கள் இங்கே வந்தார்கள். 2019 இறுதியில் தீவுத்திடலுக்கு அருகே கூவக்கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரை இடித்தபோதும் மக்களை இங்கேதான் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட ஆண்டின் நடுவில். அண்ணா, கருணாநிதி அமைச்சரவைகளில் இருந்தவரும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று 1974-இல் வெளியேறித் தனிக்கட்சி தொடங்கியவருமான ஒரு பெண்ணின் பெயர் நகரத்தின் நடுவிலிருந்து அப்படி மறைந்தது.

உயரமான கட்டடத்தில் குடியிருப்பது ஒரு செலவு. லிஃப்டுக்குப் பராமரிப்பு வேண்டும். தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் இதற்காக மாதாமாதம் ஒரு தொகை கட்டுகிறோம், லிஃப்ட் நின்றால் அன்று மாலைக்குள் ஆள் வந்துவிடுவார். அந்தப் பணமில்லாத இடத்தில் லிஃப்ட் நின்றால் நின்றதுதான். அப்போது ஏழாவது மாடியில் இருக்கும் நிறைமாதக் கர்ப்பிணியும், முட்டி வலிக்காரப் பாட்டியும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறார்கள். அவர்களுக்கான தண்ணீரும் அரிசியும் மகளோ மருமகளோ சுமந்து ஏறுவது.

குடிசைப் பகுதியில் வாசல் என்று ஒன்று இருந்தது. வாசலில் உட்கார்ந்து பூ கட்டலாம், இட்லிக் கடை போடலாம், பக்கத்து வீட்டுக் குழந்தையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். அக்கா வேலைக்கு வந்த காலமெல்லாம் அவர் மகளைப் பார்த்துக்கொண்டது அப்படி ஒரு வாசல்தான். ஆறாவது மாடி நடைவழியில் கடை போட்டால் யாரும் ஏறி வந்து வாங்க மாட்டார்கள். வெவ்வேறு ஊர்ப்பக்கத்திலிருந்து கலைத்துப்போட்டுக் கொண்டுவந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியவில்லை. மகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அக்கா மாலை வேலையை விட்டார். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அதோடு போயிற்று. அவருடன் பெரும்பாக்கம் போன பலர் வேலையையே விட்டுவிட்டதாகச் சொல்கிறார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அக்காவைப் போன்றவர்களுக்கு அது மெய்யாகவே பெரிய உதவி. மிச்சமாகும் பணத்தை அவர் கணக்கு வைத்திருக்கிறார். மிச்சமாகாதது நேரம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரண்டு பேருந்து மாறி வருகிறார்.

மவுலிவாக்கம்

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த பதினொரு மாடி அடுக்ககம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். கணவன், மனைவி, உறவினர் என்று குழுவாக வந்து வேலை செய்த குடும்பங்கள் இருந்தன. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது சில நொடிகளில் சரிந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம்.

அந்த நாட்களில் செய்திகளில் அதிகம் பேசப்பட்டது வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களின் இழப்பு. அது சின்ன இழப்பல்ல. ஆனால் அந்த மாடிகளில் குடியேறப்போகிறவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. கட்டுகிறவர்கள் மட்டுமே இருந்தார்கள். உயரமான கட்டடத்தின் ஆபத்தை முதலில் சுமப்பவர்கள் அதில் ஒருபோதும் குடியிருக்கப் போகாதவர்கள். ஏழைகள் குடியிருப்பதற்கென்றே கட்டிய இடங்களில் அந்த ஆபத்து வேறு வடிவத்தில் வந்தது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துவிட்டு உயரமாகக் கட்டிய புதிய கட்டடங்களில், 2021 ஆகஸ்டில், சுவர்ப் பூச்சு விரலால் சுரண்டினாலே உதிர்வதை அங்கிருந்தவர்கள் சுரண்டியே காட்டினார்கள்.

எங்கள் மாடி

இனி எங்கள் ஒன்பதாவது மாடிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: வேலைக்கு வருகிறவர்கள் பின்பக்க லிஃப்டை மட்டும் பயன்படுத்தட்டும். காரணம், குப்பை வாளி, துர்நாற்றம், கூட்டம் என்றார்கள். சாதி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. கிராமத்தில் தெருவாக இருந்தது இங்கே லிஃப்டாகியிருக்கிறது. எதிர்த்துப் பேசியவர்கள் நாங்கள் மூன்று பெண்கள். தீர்மானம் நிறைவேறவில்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் பின்பக்க லிஃப்டிலேயே வருகிறார்கள். அக்காவும்தான். "எதுக்கும்மா வம்பு" என்கிறார்.

எதிர்த்துப் பேசியதால் நான் நல்லவள் ஆகிவிடவில்லை. நான் வேலைக்குப் போவதும், எழுதுவதும், பெண்ணியக் கூட்டங்களுக்குப் போவதும் அக்கா ஏழரைக்கு வருவதால் நடக்கிறது. என் வீட்டில் சமையலறை வேலையை ஆண்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. அந்த வேலையை இன்னொரு பெண்ணிடம் தள்ளினோம். நடுத்தர வர்க்கப் பெண்களின் விடுதலை என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி, பெரும்பாக்கத்தில் ஐந்தரைக்குப் பூட்டப்படும் ஒரு கதவிலிருந்து வருகிறது.

வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-இல் நலவாரியம் வந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்று ஏற்கிறது. அக்காவுக்கு இரண்டுமே தெரியாது. அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய எனக்கும் இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் முழுதாகத் தெரிந்தது. நலவாரியத்தில் பதிவு செய்யும் படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். வேலை செய்யும் இடம் என்ற வரியில் எங்கள் முகவரியையும், வசிக்கும் இடம் என்ற வரியில் அவர் முகவரியையும் எழுதினேன். இரண்டிலும் மாடி எண் இருந்தது. அரசாங்கத் தாளில் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே அரை அங்குலம்தான்.

வெளியூர்ப் பதிப்பாளர்கள் சென்னையைப் பற்றி அடுத்த புத்தகம் போடும்போது எல்.ஐ.சி. கட்டடத்தின் படத்தை நிச்சயம் போடுவார்கள். போடட்டும். அதற்கடுத்த பக்கத்தில் சாரத்தில் ஏறிய சித்தாள்களையும், அதற்கடுத்த பக்கத்தில் பெரும்பாக்கத்தின் நடைவழியையும் போட்டால்தான் அந்தப் படத்தின் உயரம் என்னவென்று தெரியும்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா கிளம்பினார். ஒன்று பத்துப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. மகள் வருவதற்குள் போய்ச் சேர வேண்டும். அன்று அவர் முன்பக்க லிஃப்டில்தான் இறங்கினார். அவசரம்.